புறக்கடையில் 10 கோழிகளுக்குக் கூண்டு: கடையில் வாங்குவதா, கட்டிக்கொள்வதா?

காரிமங்கலத்துக்காரன் | பிப்ரவரி 16

அனைவருக்கும் வணக்கம். 22 ஆண்டுகள் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, கடந்த ஆவணியில் காரிமங்கலத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கே குடும்பத்தோடு திரும்பிவிட்டோம். சமையலறையின் பின்கதவைத் திறந்தால், கிழக்கு மேற்காக 12 அடியும் தெற்கு வடக்காக 18 அடியும் கொண்ட வெறும் இடம் கிடக்கிறது. மேற்கில் 6 அடி உயரச் சுற்றுச்சுவரும் அதை ஒட்டி ஒரு வேப்பமரமும் உள்ளன. வடகிழக்கு மூலையில், பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்ச் சேரும் தென்னை ஒன்று நிற்கிறது.

என் தாயார் இதே இடத்தில், திண்ணைக்கு அடியிலிருந்த கொடாப்பில் கோழிகளை அடைத்து, வாசலில் ஒரு பலகைக் கல்லைச் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அந்தத் திண்ணை வீடு இப்போது இல்லை. கொழுந்தியாள் வீட்டிலிருந்து வந்த நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் இரவில் வேப்பமரத்தில் ஏறிக்கொள்கின்றன. நாட்டுக்கோழி வகைகளில் மூன்று பெட்டைகள் சிறுவிடை, ஒன்று கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான். பொங்கல் முடிந்த வாரத்தில் பட்டப்பகலில் கீரி வந்து ஏழு குஞ்சுகளில் மூன்றைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் கூண்டு இல்லாமல் இனி முடியாது என்ற முடிவுக்கு வந்தோம். மொத்தம் பத்து உருப்படிகளுக்கு மேல் வளர்க்கும் எண்ணம் இல்லை. வீட்டுக்கு முட்டையும், விருந்தாளி வந்தால் ஒரு குழம்பும் கிடைத்தால் போதும்.

கிருஷ்ணகிரி சாலையில் ஒரு கடையில், 6 அடி நீளம், 3 அடி அகலத்தில் இரண்டடுக்கு இரும்புக் கூண்டு வைத்திருக்கிறார்கள். கம்பித் தரை, அதன் கீழே எச்சம் விழும் தட்டு, மேலே வண்ணத் தகரம். ‘இருபது கோழி தாராளமாக நிற்கும்’ என்கிறார் கடைக்காரர். விலை 16,000 ரூபாய். எங்கள் கொத்தனாரோ, ஹாலோ பிளாக் வைத்து 8 அடிக்கு 6 அடியில் ஓர் அறை எழுப்பி, சிமென்ட் அட்டை போட்டுத் தர 38,000 ரூபாய் கேட்கிறார். இவை தவிர, பழைய வேலியிலிருந்து பிடுங்கிப் போட்ட ஆறு கல் தூண்கள் வீட்டில் கிடக்கின்றன. அவற்றை நட்டு, வலை அடித்து, கூரை போட்டுக்கொண்டால் என்ன என்று என் மனைவி கேட்கிறார்.

இவற்றில் எது எங்கள் பக்கத்து வெயிலையும் மழையையும் தாங்கும், தரை எப்படி இருக்க வேண்டும், சமையலறைக்கு நாற்றம் வராமலிருக்க எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன். நாள்தோறும் காலையில் அரை மணி நேரம் இதற்காக ஒதுக்க முடியும். அதற்கு மேல் முடியாது என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.


பாப்பாரப்பட்டி அக்கா | பிப்ரவரி 16

தம்பி, நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் அந்த அரை மணி நேரத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். வளர்ந்த கோழி ஒன்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சமிடும். பத்துக் கோழி என்றால் நாளுக்கு ஒரு கிலோ, மாதத்துக்கு 30 கிலோ. அந்த 30 கிலோவை எந்தக் கூண்டிலிருந்து முதுகு வளையாமல், கை அசிங்கமாகாமல் எடுக்க முடியுமோ அந்தக் கூண்டுதான் உங்களுக்குச் சரிப்படும்.

நான் முதன்முதலில் வாங்கியது நீங்கள் சொல்லும் அதே போன்ற இரண்டடுக்குக் கூண்டுதான். தட்டை உருவிக் கழுவினால் வேலை முடிந்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் வாரம் முடிந்தது உண்மைதான். பிறகு எச்சம் காய்ந்து தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் வராமல், தட்டிக் குலுக்கி உருவும்போது பாதி என் காலிலும் பாதி கீழ் அடுக்குக் கோழியின் முதுகிலும் விழுந்தது. மழை நாளில் தட்டில் தண்ணீர் கோத்துக்கொண்டு மூன்றாம் நாளே புழு நெளிந்தது. கம்பித் தரையில் இரவும் பகலும் நின்ற இரண்டு பெட்டைகளுக்கு உள்ளங்காலில் கட்டி வந்து, நொண்டிக்கொண்டே திரிந்தன.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த ஆண்டு சித்திரையில் ஒரு திருமணத்துக்காகக் கோழிகளை அடைத்துவிட்டுப் போய், மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது, மேலடுக்கில் இருந்தவை இறக்கையை உடம்பிலிருந்து அகற்றி, வாயைப் பிளந்து, கழுத்து துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. இரண்டு ஏற்கெனவே விறைத்துக் கிடந்தன. தகரத்தின் மேல் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். அந்தத் தகரத்துக்கும் கோழியின் தலைக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. கோழியின் உடல் சூடு இயல்பிலேயே 41 பாகை செல்சியஸ், அதற்கு வியர்க்கவும் வியர்க்காது. மூச்சின் வழியாகவும் கொண்டை, தாடியின் வழியாகவும்தான் சூட்டை வெளியே தள்ள முடியும். நம் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 38 பாகை தொடும்போது, தாழ்ந்த தகரத்துக்கு அடியில் அது எங்கே போகும்?

ஆகவே உங்கள் மனைவி சொல்வதே என் கருத்தும். கல் தூண் கையிலேயே இருக்கிறது, கரையானும் அரிக்காது. ஒரு கோழிக்குக் குறைந்தது 2 சதுர அடி என்பார்கள். ஐப்பசி அடைமழையில் இரண்டு மூன்று நாள் வெளியே விட முடியாமல் போகும் என்பதால் நான் 4 சதுர அடி கணக்கிடுவேன். 8 அடிக்கு 5 அடி போதும். நீளவாட்டை கிழக்கு மேற்காக வையுங்கள். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில்தான் விழும். மேற்குப் பக்கத்தை முழுவதுமாக அடைத்துவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் ஒன்றரை அடி உயரத்துக்குச் சுவர் வைத்து, அதற்கு மேல் கூரை வரை வலை அடியுங்கள். நடுவில் நீங்கள் நிமிர்ந்து நிற்கும் உயரம் கட்டாயம் இருக்க வேண்டும். குனிந்து நுழையும் கூண்டை ஒருவரும் ஒரு மாதத்துக்கு மேல் ஒழுங்காகக் கூட்டுவதில்லை, நானும் கூட்டியதில்லை.

தரையை வெளி மட்டத்திலிருந்து ஓர் அடி உயர்த்தி, செங்கல் ஜல்லி கொட்டி, சிமென்ட் பூசி, வாசல் பக்கமாக லேசாகச் சாய்த்து விடுங்கள். மண் தரையில் பெருச்சாளி வளை தோண்டிக்கொண்டு உள்ளே வரும். சிமென்ட் தரையின் மேல் மூன்று அங்குலத்துக்கு உமியோ தென்னை நார்க் கழிவோ பரப்பிவிட்டால் கோழிக்குக் காலும் நோகாது, உங்களுக்குத் தினமும் கழுவும் வேலையும் இல்லை.


தளி மேட்டுநிலம் | பிப்ரவரி 17

அக்கா சொல்வதில் கூரையைத் தவிர மற்றவற்றை அப்படியே ஏற்கிறேன். கூரையைப் பற்றி அவர் எழுதவே இல்லை என்பதுதான் என் குறை.

எங்கள் பக்கத்தில் கல் பலகையையே கூரையாகப் போட்டுக் கோழிக்கொடாப்பு கட்டுவது வழக்கம். மார்கழிப் பனியில் விடியற்காலை புல் வெள்ளையாகக் கிடக்கும் ஊர் இது. பகலில் சூடேறிய கல், இரவில் மெல்ல மெல்ல அந்தச் சூட்டை விட்டுக்கொண்டிருப்பதால் கோழிகள் குளிரில் ஒடுங்குவதில்லை. ஆனால் அதே கல் பலகை காரிமங்கலத்து மே மாதத்தில் நள்ளிரவு வரை அடுப்புக்கல்லைப் போல இருக்கும் என்பதால், உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ நன்றாக இருக்கிறது என்பதற்காக எதையும் அங்கே அப்படியே பெயர்த்துக்கொண்டு போகாதீர்கள். ஓசூரே ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் அதைவிட எவ்வளவோ தாழ்வு.

ஓலைக் கூரை குளிர்ச்சிதான். ஆனால் ஓலைக்குள் எலி கூடு கட்டும், எலியைத் தேடிச் சாரைப் பாம்பு வரும், சாரைக்கு முட்டையும் பிடிக்கும். என் யோசனை இதுதான்: பழைய நாட்டு ஓடு கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் சிமென்ட் அட்டை போட்டு, மாசி முடிவதற்குள் மேலே இரண்டு முறை சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். கீற்று வெளிப்புறத்தில்தான் இருக்கும் என்பதால் அதில் எது குடியேறினாலும் அட்டையைத் தாண்டி உள்ளே இறங்காது. ஆனி பிறந்ததும் அவிழ்த்து எறிந்துவிடலாம். கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி மூன்று அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு அடி விட்டால் போதும் என்று கொத்தனார் சொல்வார், கேட்காதீர்கள். சித்திரையில் காற்றோடு அடிக்கும் இடிமழையின் சாரல் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று உங்கள் வீட்டு வராந்தாவையே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வலைக்குப் படுதா தேவை. பழைய சாக்குகளைத் தைத்து, கீழிருந்து மேலே இழுத்துக் கட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே தொங்கவிட்டால் சாரலை அடைக்கும்போதே மேலே போக வேண்டிய காற்றும் அடைபட்டுப்போகும். குளிர் என்றாலும் மழை என்றாலும் கோழியின் தலைக்கு மேலே ஓர் அடி எப்போதும் திறந்தே இருக்கட்டும்.


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் | பிப்ரவரி 17

மேலே இருவரும் எழுதியவை சரியானவை. கம்பித் தரைக்காக மட்டும் ஒரு வார்த்தை பேச விரும்புகிறேன். எச்சம் கோழியின் காலில் படாமல் கீழே விழுந்துவிடுவதால், குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் நோய் கம்பித் தரையில் குறைவு. கூளம், அதாவது தரையில் பரப்பும் உமியோ நார்க் கழிவோ, ஈரமாகக் கிடக்கும் கூண்டில்தான் அந்த நோய் தலைதூக்கும். எனவே கூளத் தரை வைத்துக்கொள்பவர் கூளத்தை உலர்வாக வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.

அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. தண்ணீர்த் தட்டுக்கு அருகிலிருந்து ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரல்களைத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் பதம் சரி. உருண்டை உடையாமல் நின்றாலோ, உள்ளங்கையில் ஈரம் பட்டாலோ அந்த இடத்துக் கூளத்தை அன்றே அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பிடிக்கவே பிடிக்காமல் தூளாகப் பறந்தால் கோழிக்குத் தூசியால் மூச்சுக் கோளாறு வரும். கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை தோட்ட முள்கரண்டியால் கூளத்தைக் கிளறிவிட்டு, ஈரம் தெரியும் இடங்களில் நீற்றிய சுண்ணாம்பைத் தூவிவிட்டால், பத்துக் கோழிகள் உள்ள கூண்டில் நான்கைந்து மாதங்களுக்கு ஒருமுறை முழுக் கூளத்தையும் மாற்றினால் போதும். நிலக்கடலைத் தோல் நம் மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மட்டுமே பரப்பிவிடாதீர்கள். நனைந்தால் பூசணம் பிடிக்கும். உமியோடு கலந்து போடலாம். எடுத்த கூளத்தைக் குழியில் போட்டு மக்கவைத்த பிறகே செடிக்கு இட வேண்டும், பச்சையாக இட்டால் வேர் கருகிவிடும்.

மூக்கை நம்புங்கள், ஆனால் உங்கள் உயரத்தில் நின்று நம்பாதீர்கள். காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால், அந்த அமோனியாவை இரவு முழுவதும் கோழி சுவாசித்திருக்கிறது என்று பொருள்.

உங்கள் பதிவில் என் கண்ணில் பட்ட இன்னொன்று, அந்தத் தென்னையடித் தண்ணீர். கோழி அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரும் பங்கு உண்டு. தென்னையடியில் தேங்கும் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளிவிடாமல் அதற்குப் பத்தடியில் கூண்டு கட்டினால், கூண்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் குஞ்சுகளின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வருவதைத் தடுப்பது கடினம். முதல் செலவு அந்தக் குழாயாக இருக்கட்டும்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்குக் கூண்டு தடுப்பாகாது, தடுப்பு மருந்துதான் தடுப்பு. குஞ்சு பொரித்த 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8ஆம் வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஊசி. பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை இதற்காக இருவார முகாம் நடத்துவது வழக்கம்; இந்த ஆண்டு தவறவிட்டிருந்தாலும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மருந்தைப் பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும், நலமாக இருக்கும் கோழிக்குத்தான் போட வேண்டும். சிலர் இதைக் குடிநீரில் கலந்து கொடுப்பதும் உண்டு. அப்படிக் கொடுப்பவர்கள் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள குளோரின், உயிருள்ள தடுப்பு மருந்தைக் கெடுத்துவிடும். கொதிக்கவைத்து ஆறிய கிணற்று நீரே நல்லது.

போச்சம்பள்ளி போன்ற சந்தைகளில் கோழி வாங்கினால், வாங்கிய அன்றே உங்கள் கோழிகளோடு விடாமல் மூன்று வாரம் தனியே பஞ்சாரத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தருமபுரியிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ, ஓசூர் மத்திகிரியிலுள்ள கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியிலோ கேட்கலாம்.


காரிமங்கலத்துக்காரன் | பிப்ரவரி 20

மூவருக்கும் மிக்க நன்றி. கடைக் கூண்டுக்குத் தந்திருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதில் கடைக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தென்னையடியில் நேற்று ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன், நான்கு விரல் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. அதில் கொசுப்புழு துள்ளுவதை என் மகள்தான் காட்டினாள். 20 அடி பிளாஸ்டிக் குழாய் வாங்கி, அந்தத் தண்ணீரை முன்பக்கத்து வாழைக்குத் திருப்பிவிட்டோம். 8 அடிக்கு 5 அடி என்று தென்கிழக்கில் கயிறு பிடித்தாயிற்று.

இரண்டு ஐயங்கள். கோழி இரவில் உட்கார என்ன வைக்க வேண்டும், முட்டையிடும் பெட்டி எங்கே இருக்க வேண்டும்? வலையில் எது நல்லது? கடையில் அறுகோணக் கண் கொண்ட கோழி வலையைத்தான் எடுத்துப் போடுகிறார்கள், பெயரே கோழி வலை என்கிறார்கள்.


ஊத்தங்கரை வாசி | பிப்ரவரி 20

அந்த வலை, கோழி வெளியே போகாமலிருக்க உதவும். நாய் உள்ளே வராமலிருக்க உதவாது. எங்கள் தெருவில் இரண்டு நாய்கள் சேர்ந்து பல்லால் கவ்வி இழுத்தே அதைக் கிழித்துவிட்டு, ஒரே இரவில் ஒன்பது கோழிகளைக் கடித்துப் போட்டன. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல் வரும், ஆனாலும் பெருச்சாளியும் கீரியும் நுழையாது. பாம்பிலும் மிகச் சிறிய குட்டியைத் தவிர மற்றது நுழையாது. பணம் குறைவாக இருந்தால் தரையிலிருந்து மூன்று அடி வரை மட்டுமாவது அதை அடித்து, மேலே ஓர் அங்குலக் கண்ணைப் போடலாம் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பத்தில் ஏறி மேல் கண் வழியாக ஒரு சாரை நுழைந்து, முட்டையை விழுங்கிய பிறகு வயிறு பெருத்து வெளியே போக முடியாமல் வலையிலேயே மாட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததிலிருந்து அப்படிச் சொல்வதில்லை.

வாசல் தாழ்ப்பாளில் கொக்கியை மட்டும் நம்பாதீர்கள், காற்றில் ஆடி ஆடியே கழன்றுவிடும். திருகாணி போட்ட தாழ்ப்பாள் வையுங்கள். பகலில் கோழிகள் மேயும் இடத்தைச் சுற்றி வலை அடிப்பதானால், கீழ் விளிம்பை ஓர் அடி வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவைத்து மேலே கல் பாவிவிடுங்கள். தோண்டுகிற மிருகம் வலையின் ஓரத்தில்தான் தோண்டும், ஓர் அடி பின்னால் வந்து தோண்ட அதற்குத் தோன்றாது. பகலில் வந்த உங்கள் கீரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆத்திரத்தில் கண்ணி வைத்துவிடாதீர்கள்; கீரியும் உடும்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை.

மாந்தோப்பு பக்கத்தில் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். பூ எடுக்கும் பருவத்தில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். அடித்த நாளிலும் அடுத்த சில நாள்களிலும் கோழியை மரத்தடிக்கு விடாமல் அடைத்தே வைத்திருங்கள். செத்து விழும் தத்துப்பூச்சியைக் கோழி ஆசையாகத் தின்னும்.


பாப்பாரப்பட்டி அக்கா | பிப்ரவரி 21

கோழி உட்காருவதற்குக் கைப்பிடியில் அடங்கும் பருமனுள்ள கட்டையை, மேல் முனைகளை இழைத்து மழுங்கவைத்து, குறுக்கே வையுங்கள். இரும்புக் குழாய் வேண்டாம். கால் வழுக்கும், பனியில் சில்லிடும். ஒரு கோழிக்கு 9 அங்குலம் என்று கணக்கிட்டால் பத்துக்கு ஏழரை அடி, உங்கள் 8 அடி நீளத்தில் ஒரே வரிசையாக அடங்கிவிடும். ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மேல்படிக்காக இரவெல்லாம் சண்டை நடக்கும், கீழே இருப்பதன் மேல் எச்சமும் விழும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் போதும். பிற்காலத்தில் வனராஜா போன்ற கனத்த இனம் வாங்கினால் ஒன்றரை அடியாகத் தாழ்த்திவிடுங்கள், குதித்து இறங்கும்போது கால் பிசகும்.

கட்டைக்கு நேர் கீழே ஒன்றரை அடி அகலத் தகரப் பலகை ஒன்றை வைத்து அதன் மேல் சாம்பலைத் தூவி வைத்தால், இரவு எச்சம் முழுவதும் அதிலேயே விழும். காலையில் கொத்தனார் கரண்டியால் ஒரு வழி வழித்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. உங்கள் அரை மணி நேரத்தில் மிச்சம் இருப்பதைத் தண்ணீர்த் தட்டு தேய்க்கவும் முட்டை எடுக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

முட்டைப் பெட்டி, உட்காரும் கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெட்டி உயரமாக இருந்தால் கோழி பெட்டியிலேயே உறங்கி அதை அசிங்கப்படுத்தும். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் கொண்ட பெட்டி நான்கைந்து பெட்டைகளுக்கு ஒன்று என்று இரண்டு வையுங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்துக் கேழ்வரகுத் தாளைப் போடுங்கள். அடைக்கு வைக்கும் கோழியை மட்டும் அங்கே வைக்காதீர்கள், மற்றவை போய் அதே கூடையில் முட்டையிட்டுக் கணக்கைக் குழப்பிவிடும். வேறோர் இடத்தில் கூடையில் மணல் பரப்பி வைத்தால், 21 நாள் அது நிம்மதியாக உட்காரும். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று என் மாமியார் கூடையில் ஓர் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பார். நானும் போடுகிறேன், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

யாரும் இதுவரை சொல்லாத ஒன்று, செல் எனப்படும் பொடி உண்ணி. பகலில் கட்டையின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்துகொண்டு, இரவில் வெளியே வந்து கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். கோழியின் மேல் தேடினால் பகலில் ஒன்றும் அகப்படாது. இரவு ஒன்பது மணிக்கு டார்ச் விளக்கோடு போய், வெள்ளைத் துணியால் கட்டையின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் குங்குமம் தீற்றியது போலச் சிவப்புக் கோடு விழுந்தால் செல் இருக்கிறது. அடுத்த நாள் காலையிலேயே கட்டையைக் கழற்றி வெளியே கொண்டுவந்து கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, முனைகளில் வேப்பெண்ணெய் தடவி மாட்டுங்கள். சுவர் வெடிப்புகளைச் சிமென்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். ஏழு நாள் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும், ஏனெனில் முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். கட்டையை ஆணி அடித்து நிறுத்தாமல், இரண்டு பக்கமும் கொக்கியில் தூக்கி வைக்கும்படி அமைக்கச் சொல்வது இதற்காகத்தான். அகன்ற சட்டியில் அடுப்புச் சாம்பலும் புழுதி மண்ணும் கலந்து நிழலில் வைத்தீர்களானால், கோழிகள் அதில் புரண்டு குளித்துப் பேனை அவையே உதிர்த்துக்கொள்ளும்.


காரிமங்கலத்துக்காரன் | மே 11

மூன்று மாதம் ஆகிவிட்டது. கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்ற பெயர் வர வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

மொத்தச் செலவு 27,500 ரூபாய். அதில் வெல்டு மெஷ்ஷும் தரையும்தான் பெரும்பகுதி. நாட்டு ஓடு கிடைக்கவில்லை. சிமென்ட் அட்டை, சுண்ணாம்பு, தென்னங்கீற்று என்று தளி நண்பர் சொன்னபடியே செய்தோம். சென்ற வாரம் பிற்பகல் இரண்டரை மணிக்கு, கீற்று மூடியிருந்த இடத்தில் அட்டையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், கையை வைத்திருக்க முடிந்தது. ஓர் ஓரத்தில் காற்றில் கீற்று விலகியிருந்த இடத்தில் வைத்திருக்க முடியவில்லை. இறவாணத்தை இரண்டரை அடியோடு நிறுத்திவிட்டது என் தவறு. மே முதல் வாரத்து மழையில் தெற்குப் பக்கக் கூளம் ஓர் அடி அகலத்துக்கு நனைந்து, ஆய்வாளர் ஐயா சொன்ன கைப்பிடிச் சோதனையில் களிமண் போல நின்றது. அள்ளிக் கொட்டிவிட்டு உமி மாற்றினோம். சாக்குப் படுதா இப்போது வந்துவிட்டது.

கோடையில் தண்ணீர் நினைத்ததைவிட வேகமாகத் தீர்கிறது. மாசியில் இரண்டு லிட்டர் வைத்தால் மாலை வரை மிச்சமிருக்கும். இப்போது நான்கு லிட்டரும் தீர்ந்துவிடுவதால் மண்பானையில் ஊற்றி இரண்டு இடங்களில் வைக்கிறோம். காலை வேலை இருபது நிமிடத்துக்குள் முடிகிறது. சமையலறைக்கு நாற்றம் வரவில்லை என்பதை என் மனைவியே ஒப்புக்கொண்டார். யோசனையே அவருடையது என்பதால் இதில் அவருக்கும் பெருமை உண்டு.

ஒரே ஒரு சிக்கல். எல்லாம் பொழுது சாய்ந்ததும் உள்ளே போய்விடுகின்றன, கழுத்தறுத்தான் பெட்டை மட்டும் இன்னும் வேப்பமரத்தில்தான் ஏறுகிறது. துரத்தினால் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?


பாப்பாரப்பட்டி அக்கா | மே 11

துரத்தாதீர்கள் தம்பி. நன்றாக இருட்டிய பிறகு கோழிக்குக் கண் தெரியாது. ஓர் ஏணி வைத்து ஏறி, இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்து இறக்கி, உள்ளே கட்டையின் மேல் மற்றவற்றுக்கு நடுவில் உட்காரவையுங்கள். மறுநாள் மட்டும் மற்ற எல்லாவற்றையும் பத்து மணிக்குத் திறந்துவிடுங்கள். இதை மட்டும் தண்ணீரும் தீனியும் வைத்து நான்கைந்து நாள் உள்ளேயே அடைத்திருங்கள். அப்படியும் ஏறினால், அது வழக்கமாக உட்காரும் கிளையை வெட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் கிளையைத்தான் வெட்ட வேண்டியதாயிற்று.